காலியான 240 லிட்டர் தொட்டி: ஆர்ச்சர், ஸ்காட், யானைமூக்கு, புள்ளிப் பேத்தை ஆகியவற்றில் எதை வைப்பது?

ஈரமணல் எழுதியது:

வணக்கம். ஆறு ஆண்டுகளாகக் கப்பி, டெட்ரா, ஏஞ்சல் ஆகிய மீன்களையே வளர்த்து வருகிறேன். அண்மையில் 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி ஒன்று காலியானது. கணக்குப்படி 240 லிட்டர். மணலும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக ஏறத்தாழ 200 லிட்டர் நீர் நிற்கும். அதிகம் பேர் வளர்க்காத மீன்களை இம்முறை அதில் வளர்க்க விரும்புகிறேன்.

என் பட்டியலில் ஐந்து மீன்கள் உள்ளன. நீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் ஆர்ச்சர் மீன், நாணயம் போலத் தட்டையாகப் புள்ளிகளுடன் இருக்கும் ஸ்காட், யானைமூக்கு மீன், சேற்றில் தாவித் திரியும் மட்ஸ்கிப்பர் ஆகிய நான்கும் இனிமேல்தான் வர வேண்டும். ஐந்தாவதான பச்சைப் புள்ளிப் பேத்தை மூன்று மாதங்களாக என்னிடமே இருக்கிறது. நன்னீர் மீன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆகவே 60 லிட்டர் நன்னீர்த் தொட்டியில் தனியாக விட்டிருக்கிறேன். வந்தபோது பால் போல் வெளுத்திருந்த அதன் வயிறு இப்போது பெரும்பாலான நேரம் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. உறைந்த இரத்தப்புழுவைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. மேல் பற்கள் உதட்டுக்கு வெளியே நீண்டுவிட்டன என்றும் தோன்றுகிறது.

தொட்டியில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுவிட்டால் இந்த ஐந்தையும் சேர்த்தே வளர்க்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். யானைமூக்கு மீனுக்கு உப்பே ஆகாது என்று இன்னொருவர் சொல்கிறார். இருவரும் அனுபவம் உள்ளவர்கள் என்பதால் யாரை நம்புவது என்று தெரியவில்லை. எனக்கு மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும். இவற்றில் எவை ஒன்றாக வாழும்? 240 லிட்டருக்கு எவை பொருந்தும்? என் பேத்தைக்கு இப்போது உடனடியாக என்ன செய்ய வேண்டும்?


கழிமுகவாசி எழுதியது:

உங்கள் இரண்டாம் நண்பர் சொன்னதே சரி. முதலாமவரின் கைப்பிடி உப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நன்னீருக்கும் கடல்நீருக்கும் இடைப்பட்ட உவர்நீரில் வாழும் மீன்கள் பெரும்பாலும் இந்தக் கைப்பிடியால்தான் கெடுகின்றன. ஒரு கைப்பிடியை 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், 200 லிட்டரில் அது லிட்டருக்குக் கால் கிராம் ஆகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. உவர்நீர் மீனுக்கு இந்தக் கால் கிராம் எந்தப் பயனும் தராது; நன்னீர் மீனுக்குத் தேவையும் இல்லை. வளர்ப்பவரின் மனநிறைவைத் தவிர அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை.

நன்னீர் மீனின் உடலுக்குள் இருக்கும் உப்புச்செறிவு வெளியே உள்ள நீரைவிட அதிகம். ஆகவே நீர் செவுள் வழியாக ஓயாமல் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கிறது. மீன் அதை நீர்த்த சிறுநீராக வெளியேற்றிவிட்டு, இழக்கும் உப்பைச் செவுளால் திரும்ப ஈர்த்துக்கொள்கிறது. கடல் மீனுக்கு நிலைமை நேர்மாறானது. அதன் உடல் நீரை இழந்துகொண்டிருப்பதால், அது கடல்நீரைக் குடித்து, மிகுதியாகும் உப்பைச் செவுளால் வெளியே தள்ளுகிறது. கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டிலும் வாழும் மீன் ஓதத்துக்கு ஏற்ப இரண்டு வேலைகளையும் மாற்றி மாற்றிச் செய்யக்கூடியது. அத்தகைய மீன் நன்னீரில் சில மாதங்கள், சில வேளை ஓராண்டுகூட உயிரோடு இருக்கும். அதைப் பார்த்துத்தான் இது நன்னீர் மீன் என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் சில நாள்களில் அந்தச் சொல் பொய்யாவதில்லை. உங்களிடம் வந்து ஆண்டுகள் கழியும்போதுதான் பொய்யாகிறது.

யானைமூக்கு மீன் ஆப்பிரிக்க நன்னீர் ஆறுகளில் வாழ்வது. மென்மையான, நடுநிலையான நீரை விரும்புவது. ஆகவே அது மற்ற நான்கோடும் சேராது. ஆர்ச்சர், ஸ்காட், பேத்தை, மட்ஸ்கிப்பர் ஆகிய நான்கும் உவர்நீர் சார்ந்தவை என்றாலும், ஒரே நீரில் வாழக்கூடியவை என்பதற்காக அவற்றை ஒரே தொட்டியில் விட முடியாது.

ஸ்காட் உங்கள் பட்டியலில் இருந்து முதலில் நீங்க வேண்டியது. உள்ளங்கையில் நான்கு அடங்கும் அளவில் விற்கப்படும் அந்த மீன் 30 செ.மீ.க்கு மேல் வளரும், கூட்டமாக வாழ்வது, ஓயாமல் தின்று ஓயாமல் கழிப்பது. அதன் விலங்கியல் பெயரான ஸ்காட்டோஃபேகஸ் என்பதற்கு மலந்தின்னி என்றே பொருள். வளர்ந்த ஸ்காட்டுக்குக் கடல்நீருக்கு நெருங்கிய உப்பும் தேவைப்படும். அதன் முதுகு முட்களில் சிறிது நஞ்சு உண்டு என்பதால், வலையில் பிடிக்கும்போது கையைக் கொண்டுபோகக் கூடாது.

ஆர்ச்சர் மீனை மறுக்க எனக்கே மனம் வரவில்லை. மேலண்ணத்தில் உள்ள பள்ளத்தை நாக்கால் மூடிக் குழலாக்கி, செவுள் மூடிகளை விரைந்து அழுத்தி நீரைப் பீய்ச்சுகிறது. நீரில் ஒளி விலகுவதால் பூச்சி இடம் மாறித் தெரிந்தாலும் குறி பெரும்பாலும் தப்புவதில்லை. மனித முகங்களை வேறுபடுத்தி அறியவும் இம்மீனைப் பழக்க முடிந்தது என்று 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆயினும் கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் டாக்சோட்டஸ் ஜாகுலாட்ரிக்ஸ் தொட்டியில் 15 முதல் 20 செ.மீ. வரை வளரும், தனியாக விட்டால் மிரண்டு ஒடுங்கும், இரண்டு மூன்றாக விட்டால் வலியது மெலியதை விரட்டியே கொல்லும். ஐந்தாறு மீன்களைச் சேர்த்து விட்டால்தான் சண்டை பரவி அடங்கும். நீர்மட்டத்துக்கு மேலும் ஒரு சாணுக்குக் குறையாத வெற்றிடம் வேண்டும், இல்லையேல் அதன் தனித்திறனைக் காணவே முடியாது. 45 செ.மீ. உயரத்தில் அதற்கு இடமில்லை.

உங்களிடம் உள்ள பேத்தையைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன்: அது நன்னீர் மீன் அன்று.


நான்குபல் எழுதியது:

பதினோரு ஆண்டுகளாகப் பேத்தை இனங்களை மட்டுமே வளர்க்கிறேன் என்பதால் அந்தப் பகுதிக்கு நான் பதில் எழுதுகிறேன்.

முதலில் மீனை அடையாளம் காண வேண்டும், ஏனெனில் பேத்தை என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறான தேவைகள் உள்ள மீன்கள் விற்கப்படுகின்றன. முதுகு பச்சை கலந்த மஞ்சளாக இருந்து, அதில் தெளிவான வட்டக் கரும்புள்ளிகள் இருந்தால் அது டைக்கோடோமிக்டெரே நைக்ரோவிரிடிஸ். இதன் மரபணுத்தொகுதி 2004இல் வரிசைப்படுத்தி வெளியிடப்பட்டது. முதுகெலும்புள்ள விலங்குகளில் மிகச் சிறிய தொகுதிகளுள் இதுவும் ஒன்று. ஆய்வுக்கூடங்களில் இவ்வளவு பெயர்பெற்ற மீன் தொட்டிகளில் இவ்வளவு தவறாக வளர்க்கப்படுவது எனக்கு எப்போதுமே வியப்பாக இருக்கிறது. இது ஏறத்தாழ 15 செ.மீ. வளரும். முதுகில் மஞ்சள் வளையக்கோடுகளும் வால் அருகே கண் போன்ற புள்ளியும் இருந்தால் அது எட்டு வடிவப் பேத்தை; 8 செ.மீ. அளவோடு நின்றுவிடும், குறைந்த உப்பே அதற்குப் போதும். சுண்டுவிரல் நுனியளவே உள்ள குள்ளப் பேத்தை, அதாவது கேரினோடெட்ராடான் டிராவன்கோரிகஸ், முழுக்க முழுக்க நன்னீர் மீன். அதற்கு உப்பு கூடவே கூடாது. நைல் ஆற்றின் ஃபகாக்காவும் காங்கோவின் ம்பூவும் நன்னீர்ப் பேத்தைகளே ஆனாலும், அவை எல்லாத் தொட்டிகளையும் மீறி வளர்பவை. ஆகவே பேத்தை என்றால் உப்பு என்ற விதியும் பேத்தை என்றால் நன்னீர் என்ற விதியும் ஒன்றுபோலத் தவறானவை.

நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை. அது குஞ்சாக இருக்கும்போது குறைந்த உப்பில் வாழும். வளர வளர உப்பைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். தூய நீரை 1 என்று கொண்டு நீரின் உப்பைக் காட்டும் ஒப்படர்த்தி 1.005இல் தொடங்கி, வளர்ந்த மீனுக்கு 1.010 அல்லது அதற்கும் மேலே நிறுத்துவது என் வழக்கம்.

வயிறு கருப்பதற்குக் காரணங்கள் பல. நீர் கெட்டிருந்தாலும், மீன் அஞ்சியிருந்தாலும், உப்பு போதாமல் இருந்தாலும் கருக்கும். கருமணல் மேல் படுத்திருந்தால் நலமான மீனுக்குக்கூடச் சிறிது நேரம் அந்த நிறம் வரும். ஆகவே உப்பைத் தேடி ஓடுவதற்கு முன்பு மீன் கழிவால் நீரில் சேரும் நஞ்சுகளான அமோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து பாருங்கள்.

பற்கள் நீண்டதற்குக் காரணம் உணவு. இந்தக் குடும்பத்தின் பெயரான டெட்ராடான்டிடே என்பதற்கே நான்கு பல்லுடையவை என்று பொருள். மேலே இரண்டும் கீழே இரண்டுமாக இணைந்து கிளி அலகு போலிருக்கும் அந்தப் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓட்டை நொறுக்கித் தின்றால் அவை தேயும். இரத்தப்புழுவில் நொறுக்க என்ன இருக்கிறது? தட்டைச் சுருள் நத்தையும் மெல்லிய ஓட்டுக் குமிழ் நத்தையும் தனித் தொட்டியில் எளிதாகப் பெருகும், அவற்றைக் கொடுங்கள். ஓட்டுடன் கூடிய சிறு இறால், நண்டுக்கால், திறந்த மட்டி ஆகியவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். இறாலிலும் சில மட்டி வகைகளிலும் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் தையாமினேஸ் என்னும் நொதி இருப்பதால், அவற்றையே நாள்தோறும் கொடுப்பது நல்லதன்று. கூம்பு வடிவ மெலனாய்ட்ஸ் நத்தையைத் தவிர்த்துவிடுங்கள். அதன் ஓடு மிகக் கடினமானது, பல்லே உடையக்கூடும்.

இரத்தப்புழுவுக்குப் பழகிய மீன் முதல் சில நாள்கள் நத்தையை வெறித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். உடல் மெலியாமல் இருக்கும்வரை இரண்டு மூன்று நாள்கள் பட்டினி இருப்பதில் தவறில்லை; பிறகு ஒரு நத்தையை விரல்களால் நசுக்கிப் போட்டால், மணம் பிடித்து வந்து கவ்வும். என் அனுபவத்தில் அதற்குமேல் அடம்பிடித்த பேத்தை ஒன்றே ஒன்றுதான். பற்கள் வாயை மூடவே முடியாத அளவுக்கு நீண்டிருந்தால் மட்டும், மீனை மயக்கி அவற்றை வெட்ட வேண்டியிருக்கும். கிராம்பு எண்ணெயால் மயக்கி நகவெட்டியால் வெட்டும் வழக்கம் உண்டு. ஆனால் மயக்கத்தின் அளவைப் படித்தறிந்து முதன்முறையாக ஒருவர் தனியே செய்வதை நான் ஊக்குவிக்கமாட்டேன். முன்பு செய்து பழகியவர் அல்லது மீன் மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவர் உடன் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறு. இந்த மீன் 60 லிட்டரில் வளராது. மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும் என்பதால் துணையோடும் வாழாது. உங்களிடம் 200 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி காலியாக இருக்கிறது. அதில் எதை வைப்பது என்ற கேள்விக்கு விடை மூன்று மாதங்களாக உங்கள் வீட்டிலேயே நீந்திக்கொண்டிருக்கிறது என்பதே என் கருத்து.


மெல்லொளி எழுதியது:

பேத்தைக்குத்தான் அந்தத் தொட்டி என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் யானைமூக்கு மீனைக் கழிமுகவாசி அவர்கள் இரண்டே வரிகளில் தள்ளிவிட்டது எனக்கு வருத்தமே. அதை வளர்ப்பவர்கள் மிகவும் குறைவு என்பதால் சிறிது சொல்கிறேன்.

அந்த மூக்கு உண்மையில் மூக்கு அன்று, கீழ்த்தாடையின் நீட்சி. அதன் தோல் முழுவதும் மின்னுணர்விகள் நிறைந்திருக்கும். வாலின் அடியில் உள்ள உறுப்பு மெல்லிய மின்துடிப்புகளை வெளியிட, அவை உருவாக்கும் புலத்தில் ஏற்படும் சிதைவை உணர்ந்து, இருட்டிலும் கலங்கிய நீரிலும் மணலுக்குள் இருக்கும் புழுவை அது கண்டுபிடிக்கும். இதன் மூளை உடல் எடையில் மூன்று விழுக்காடுதான். உடல் உட்கொள்ளும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை அந்த மூளையே எடுத்துக்கொள்கிறது என்று 1990களில் அளந்து கண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தப் பங்கு ஏறத்தாழ 20 விழுக்காடு. ஆகவே நீரில் ஆக்சிஜன் குறைந்தாலும், நைட்ரைட் ஏறினாலும், தாமிரம் கலந்த மருந்தை ஊற்றினாலும், தொட்டியில் முதலில் துன்புறுவது இம்மீனாகவே இருக்கும்.

மணல் மிக நுண்ணியதாக இருக்க வேண்டும். கூரான சரளை அந்தத் தாடை நீட்சியைப் புண்ணாக்கிவிடும். விளக்கு மங்கலாக இருக்க வேண்டும். உயிருள்ள அல்லது உறைந்த புழுக்களை விளக்கணைத்த பிறகு, மணல்மேல், ஒரே இடத்தில் கொடுக்க வேண்டும். விரைந்து தின்னும் மீன்களோடு விட்டால் பட்டினியாலேயே இறந்துபோகும். அது வாடி இறந்ததற்கு நோயைத் தேடிய பலர் உணவைப் பற்றி யோசித்ததே இல்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன். 20 செ.மீ.க்கு மேல் வளரும் இந்த மீனுக்கும் 120 செ.மீ. தொட்டியே குறைந்த அளவு. அதற்காகவே இன்னொன்று வாங்கும் நாள் வரும்வரை பட்டியலில் காத்திருக்கட்டும்.

நன்னீரில் வேறுபட்ட மீனை வளர்க்கும் ஆசை அதற்குள் எழுந்தால், பாலிப்டெரஸ் செனெகாலஸ் என்னும் பிச்சிரைப் பாருங்கள். கடினமான வைரச்செதில்கள், முதுகில் வரிசையாகச் சிறு துடுப்புகள், காற்றைச் சுவாசிக்கும் நுரையீரல் ஆகியவை கொண்ட பழைய வம்சத்து மீன் இது. இம்மீன்களை ஈரத்தரையிலேயே வளர்த்து, அவற்றின் நடையும் எலும்பும் மாறியதைக் காட்டிய ஆய்வு 2014இல் வெளியாயிற்று. யானைமூக்கைவிடப் பல மடங்கு உடலுறுதி கொண்டது. ஆனால் மூடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் வெளியேறிவிடும்.


ஈரமணல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நான்குபல் அவர்கள் சொன்னபடி அளந்து பார்த்தேன். அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 60 பிபிஎம், பிஎச் 6.8. அடியில் இருப்பது கருஞ்சரளை. முதுகில் வட்டப்புள்ளிகள் தெளிவாக இருப்பதால் முதல் வகைதான் என்று உறுதியாகிவிட்டது. அழகுக்காக வைத்திருந்த நத்தைகளில் ஒன்றை நேற்று நசுக்கிப் போட்டேன். கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓட்டோடு விழுங்கிவிட்டது. பல் இன்னும் வாயை மூட விடுகிறது.

ஆகவே பெரிய தொட்டி பேத்தைக்கே. நான் நினைத்திருந்த திட்டம் இதுவன்று என்றாலும், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு வேறு வழி தெரியவில்லை. இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. 1.010க்கு எப்படிப் போவது, எத்தனை நாளில் போவது? பேத்தை இடம் மாறிய பிறகு 60 லிட்டர்த் தொட்டி காலியாகுமே, அதில் இரண்டு மட்ஸ்கிப்பர்களை வைக்கலாமா? அவை இயலாது என்றால், தேனீ உளுவைகளோடு கண்ணாடி மீன்களையும் சேர்த்து உவர்நீரில் வளர்க்கலாமா?


சேற்றுக்கரை எழுதியது:

மட்ஸ்கிப்பரை அந்தத் தொட்டியில் வைக்க வேண்டாம். உயரத்தையும் லிட்டரையும் அது பொருட்படுத்தாது. அதற்கு வேண்டியது தரைப்பரப்பு. நீங்கள் ஒரு தொட்டியை மீன் தொட்டியாக அல்லாமல் ஒரு துண்டுக் கரையாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் 10 செ.மீ. ஆழ நீர், அங்கிருந்து மெல்ல ஏறும் ஈரமணல் சரிவு, மறுமுனையில் ஏறி உட்கார வேர்க்கட்டைகள் என்று அமைப்பதற்கு 90 செ.மீ. நீளமாவது தேவை. 60 செ.மீ. தொட்டியில் இரண்டு ஆண்கள் அமைந்துவிட்டால், முதுகுத் துடுப்பை விரித்துப் போரிட்டு, ஒன்று மற்றொன்றை நீருக்குள்ளேயே ஒடுக்கிவிடும்.

இவை செவுளறையில் நீரைத் தேக்கிக்கொண்டும், ஈரத்தோல் வழியாகவும் வாயின் உட்பரப்பு வழியாகவும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டும் வாழ்பவை. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். எனவே நீரின் வெப்பத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. மேலே உள்ள காற்றும் 25 முதல் 30 பாகை வரை வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். இறுக்கமான கண்ணாடி மூடியே இதற்கு வழி. மூடியைத் திறந்து வைத்துத்தான் நான் என் முதல் மட்ஸ்கிப்பரை இழந்தேன்; அலமாரிக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. குளோரின் நீக்காத நீரைச் சரிவின்மேல் தெளிப்பதும் தோலையே எரிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பிற்காலத்தில் வளர்க்க விரும்பினால், சிறிய வகையான பெரியாஃப்தால்மஸ் நோவெம்ரேடியேட்டஸைத் தேடுங்கள். ஆப்பிரிக்கக் கடற்கரையின் பார்பரஸ் அதைவிடப் பெரியது, முரட்டுத்தனமானது.

தேனீ உளுவை உங்கள் 60 லிட்டருக்குச் சரியான மீன். மூன்று நான்கு செ.மீ.தான் வளரும். எட்டு மீன்களை விட்டு, எட்டுக்கும் மேலாகச் சிப்பி ஓடுகளையும் சிறு மண் குழல்களையும் போட்டுவைத்தால், ஒவ்வொன்றும் ஒரு வாசலைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆண் அத்தகைய பொந்திலேயே முட்டைகளைக் காக்கும். தூள் உணவைப் பெரும்பாலும் ஏற்காது. ஆர்ட்டீமியா, டாஃப்னியா, சிறு புழுக்கள் என்று அசையும் உணவே தேவைப்படும். ஒப்படர்த்தி 1.002 முதல் 1.005 வரை போதுமானது, அந்த அளவில் ஜாவா ஃபெர்ன் என்னும் நீர்ச்செடியும் வாழும்.


கழிமுகவாசி எழுதியது:

கண்ணாடி மீனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பரம்பாசிஸ் ரங்கா என்னும் அந்த மீனுக்கு உப்பு வேண்டும் என்பது நீண்டகாலமாக நூல்களில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவந்த தவறு. சிறிது உப்பைத் தாங்கும், அவ்வளவே. இயல்பில் அது நன்னீர் மீன். முதுகில் பளீரென்ற நீலமோ இளஞ்சிவப்போ கோடாகத் தெரியும் கண்ணாடி மீனைக் கண்டால் வாங்காதீர்கள். அது ஊசியால் செலுத்தப்பட்ட சாயம். சாயம் சில மாதங்களில் மங்கிவிடும். ஊசிக்காயத்தால் நலிந்த மீன் பெரும்பாலும் அதற்கு முன்பே போய்விடும்.

இனி உப்பு. சமையல் உப்பையோ, மீன் மருந்தாக விற்கும் வெறும் சோடியம் குளோரைடையோ பயன்படுத்தாதீர்கள். கடல்நீர் தயாரிப்பதற்கென்று விற்கப்படும் உப்புக்கலவையில் கால்சியமும் மெக்னீசியமும் கார்பனேட்டும் உள்ளன, உங்கள் 6.8ஐ 8க்கு அருகே கொண்டுபோய் அங்கேயே நிறுத்துவது அவைதான். பவழ மணலை அடியில் பரப்பினால் அதுவும் துணைசெய்யும், வெளிர் நிறம் என்பதால் பேத்தையின் வயிற்று நிறத்தையும் ஐயமின்றிக் காணலாம்.

முதலில் பெரிய தொட்டியை நன்னீரால் நிரப்பி, பழைய தொட்டியின் வடிகட்டியையே, உள்ளிருக்கும் பஞ்சைக் கழுவாமல், அதில் மாட்டி மீனையும் அன்றே மாற்றுங்கள். பழைய நீரில் நைட்ரேட் 60 வரை ஏறியிருப்பதால், மாற்றுவதற்கு முந்தைய சில நாள்களில் சிறுகச் சிறுக நீர் மாற்றி இரண்டையும் நெருங்கச் செய்யுங்கள். மீன் ஒரு வாரம் அமைதியாகத் தின்ற பிறகு உப்பைத் தொடங்கலாம். வாரத்துக்கு ஒப்படர்த்தியில் 0.002 என்பதே என் வேகம். அதற்கு லிட்டருக்கு இரண்டரை முதல் மூன்று கிராம் வரை, அதாவது உங்கள் 200 லிட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேலாக உப்பு தேவைப்படும். ஐந்து வாரங்களில் 1.010ஐத் தொட்டுவிடுவீர்கள். மீனைவிட, வடிகட்டியில் இருந்து அமோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்காகவே இந்த நிதானம்; பேத்தை உப்பின் மாற்றத்தை எளிதில் தாங்கும், அவை அப்படித் தாங்குவதில்லை. பிஎச் ஏறிய நீரில் அதே அளவு அமோனியா முன்பைவிடப் பன்மடங்கு நஞ்சாகும் என்பதால், இந்தக் கட்டத்தில் அவை தளர்ந்தால் விளைவு கடுமையாக இருக்கும்.

உப்பை ஒருபோதும் தொட்டிக்குள் நேரடியாகக் கொட்டக் கூடாது. வாரந்தோறும் மாற்றும் 50 லிட்டர் நீரில் முந்தைய நாளே கலந்து, காற்றுக்குழாயைப் போட்டு இரவு முழுதும் கலங்க விட்டு, தெளிந்த பிறகு ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் வெளியேற்றும் 50 லிட்டரோடு சிறிது உப்பும் போய்விடும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனவே கணக்கை நம்பாமல் அளவியை நம்புங்கள். ஊசல்முள் உள்ள பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரின் முள்ளில் காற்றுக்குமிழி ஒட்டினால் இல்லாத உப்பைக் காட்டும். முடிந்தால் ஒளிவிலகலைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, காய்ச்சி வடித்த நீரில் சுழியத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியின் பக்கவாட்டில் நீர்மட்டத்தை ஒரு நாடாவால் குறித்துவையுங்கள். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே மட்டம் குறைந்தால் அந்தக் குறிவரை நன்னீரை ஊற்ற வேண்டும், உப்பு நீரை அன்று. இரண்டாண்டுக்கு முன்பு நான் மூன்று வாரங்கள் வெளியே சென்றிருந்தபோது, பார்த்துக்கொண்டவர் நல்லெண்ணத்தோடு உப்பு நீரையே ஊற்றிவந்தார்; திரும்பி வந்து பார்த்தபோது 1.008 என்று இருந்தது 1.013 ஆகியிருந்தது. மீன்கள் பிழைத்தன, தொட்டியில் இருந்த ஜாவா ஃபெர்ன் முழுவதும் கருகிப்போயிற்று.

இரண்டாம் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் உப்புச் சேர்ப்பதற்கு முன்பு நைட்ரைட்டை அளந்து இங்கே எழுதுங்கள். சுழியத்துக்கு மேல் இருந்தால் அந்த வாரத்துக்கான உப்பை நிறுத்திவைத்து, நீரை மட்டும் அதே ஒப்படர்த்தியில் மாற்றுங்கள்.